கலிபோர்னியாவில் வணிக, நிலச்சொத்து வழக்கறிஞரின் பின்னணியில் எதைப் பார்ப்பது?
கலிபோர்னியாவில் கூட்டாகச் சொத்து வைத்திருப்பவர், வழக்கை ஒப்படைக்கும் முன் வழக்கறிஞரின் பின்னணியில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலோர் பட்டப்படிப்புக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப்படிப்பை முடித்து, மாநில வழக்கறிஞர் தேர்விலும் நன்னடத்தைச் சோதனையிலும் தேறியவர்களே. (சட்டக் கல்லூரிக்கே போகாமல், ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் நான்காண்டு பயின்று தேர்வெழுதவும் அங்கே வழியுண்டு.)

அவர் ஒப்பந்தங்களை வரைபவரா, நீதிமன்றத்தில் வழக்காடுபவரா என்பதே என் பார்வையில் முதன்மையான கேள்வி. பத்திரங்கள் எழுதுவதிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்த ஒருவர், ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்யாதவராக இருக்கலாம். ஆகவே பாகப்பிரிவினை, உரிமை உறுதிசெய்தல் (சொத்து யாருடையது என்று நீதிமன்றம் தீர்மானிப்பது), கூட்டாளிகளுக்கிடையே நம்பிக்கைக் கடமை மீறல் (மற்றவரின் நலனைக் காக்க வேண்டியவர் அதற்கு எதிராக நடப்பது) ஆகிய வழக்குகளில் எத்தனையைத் தீர்ப்பு வரை நடத்தினார், எத்தனை சமரசத்தில் முடிந்தன என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு: ‘லிஸ் பெண்டன்ஸ்’ எனப்படும் வழக்கு நிலுவை அறிவிப்பை எப்போது பதிவுசெய்வார் என்று கேட்டுப் பாருங்கள். மாவட்டப் பதிவகத்தில் அது பதிவானவுடன் சொத்து விற்பனை நடைமுறையில் முடங்கிவிடும் என்பதால் அது வலுவான ஆயுதமே. ஆனால் போதிய ஆதாரமின்றிப் பதிவுசெய்து நீதிமன்றம் அதை நீக்கினால், எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணத்தையும் நீங்களே செலுத்த நேரிடலாம். இந்த ஆபத்தைச் சொல்லாமல் உடனே பதிவுசெய்வோம் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

உரிமம் பெற்ற நாளும் ஒழுங்கு நடவடிக்கை விவரங்களும் மாநில வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.