அமெரிக்க டேப்லெட்டுக்கு நம்மூர் சிம் போடும் முன்

"அண்ணன் அமெரிக்காவிலிருந்து சிம் போடும் டேப்லெட் வாங்கி வருகிறார், 700 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதாம், தஞ்சாவூரில் 4ஜி வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 700 என்பதை மட்டும் பார்த்து வாங்கச் சொல்லாதீர்கள். சிக்னல் ஓடும் ஒவ்வொரு அலைவரிசைத் துண்டுக்கும் ஒரு எண் உண்டு, அதைத்தான் பேண்ட் என்பார்கள்; டேப்லெட்டிலும் சிம் நிறுவனத்திலும் ஒரே பேண்ட் இருந்தால்தான் சிக்னல் வரும். அங்கே விற்பதில் 700 என்றால் பெரும்பாலும் பேண்ட் 12, 13, 17. நம் நாட்டில் 700 என்றால் பேண்ட் 28. அது இருந்தால் இது கிடைக்கும் என்று இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மச்சான் அங்கிருந்து ஒன்று கொண்டுவந்தார். அன்லாக் ஆனதுதான், அதாவது எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும். நாங்கள் வலங்கைமான் பக்கம். ஏர்டெல் சிம் போட்டேன், 4ஜி வரவேயில்லை. கும்பகோணத்தில் ஒரு கடையில் காட்டினால் சிம் கோளாறு என்றார்கள். புது சிம் வாங்கினேன். அப்புறம் போர்டு போய்விட்டது என்று 1,800 ரூபாய் வாங்கி, ஒரு வாரம் வைத்திருந்து, அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். டேப்லெட்டில் ஒரு குறையும் இல்லை. அதிலிருந்த பேண்டுகள் 2, 4, 5, 12, 13, 66. ஏர்டெல் 4ஜி ஓடுவது 1, 3, 8, 40. ஒன்றுகூடப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடையில் ஒருவர்கூட பேண்ட் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

மனைவியின் ஜியோ சிம்மைப் போட்டதும் 4ஜி வந்துவிட்டது. ஜியோவுக்கு 3, 5, 40. அதில் 5, அதாவது 850 மெகாஹெர்ட்ஸ், இரண்டு பக்கமும் பொது. 850 தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். வயல் நடுவே மோட்டார் கொட்டகைக்குள்கூட எனக்குக் கிடைக்கிறது. வேகம்தான் குறைவு, வேகம் கூடுதலான பேண்ட் 40-க்கு மாற அந்த டேப்லெட்டால் முடியாதே.

"என் ஐபேட் எல்லா ஊரிலும் வேலை செய்கிறதே" என்று யாராவது வருவார்கள். செய்யும், புதிய ஐபேடுகளில் பேண்டுகள் நிறைய. நான் சொல்வது அங்குள்ள நெட்வொர்க்குக்கென்றே விற்கும் மலிவு மாடல்களை. பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள்: சாம்சங் டேப் ஏ7 என்ற ஒரே பெயரில் டி500 வைஃபை மட்டும், சிம் போடுவது டி505.

எனக்கு அந்த டேப்லெட் தேவைப்பட்டதே நெல் கொள்முதலுக்கு ஆன்லைனில் பதியத்தான். பதிந்து, தேதியும் வந்து, போன குறுவையில் எட்டு நாள் நெல் களத்திலேயே கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை, லாரி இல்லை என்றார்கள். மழையில் நனைந்த பிறகு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று எடுக்க மறுத்தார்கள். நாளைக் கடத்தியது நாங்களா? கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, அண்ணனிடம் பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணைக் கேட்டு இங்கே போடுங்கள். எந்த சிம் போடப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அவர் பணம் கட்டும் முன் பேண்டுகளைப் பார்த்துச் சொல்கிறேன்.