மூக்கு மதமதப்பு: காது மூக்கு தொண்டை மருத்துவர் பதில்கள்

காரைக்குடி: டாக்டர், பத்து நாளாக மூக்கு நுனி விட்டுவிட்டு மதமதக்கிறது. பெரிய வியாதியா?

முதலில் இடத்தைச் சரியாகப் பிடியுங்கள். மூக்குக்குத் தொடு உணர்ச்சி தருவது ஐந்தாம் மூளை நரம்பு. மூக்குத் தண்டும் நுனியும் அதன் முதல் கிளை. மூக்குச் சிறகு, கன்னம், மேலுதடு, மேல்வரிசைப் பற்கள் இரண்டாம் கிளை. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரைப் பஞ்சைத் திரித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தொடச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை, சளி, பதற்றம்தான். ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருந்தால், துளி வலி இல்லாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

தேவகோட்டை: படபடப்பு வந்தால் மூக்கு, உதடு, விரல் நுனி எல்லாம் சுருசுருவென்கிறது.

வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதோடு நரம்புக்குக் கிடைக்கும் கால்சியமும் தற்காலிகமாகக் குறைவதால்தான் சுருசுருப்பு. 4 எண்ணும் வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். சில நிமிடத்தில் அடங்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடுவது வேண்டாம். இதயக் கோளாறு இருந்தால் ஆபத்து. தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்த சில நாளில் இப்படி வந்தால், அன்றே கால்சியம் பார்க்க வேண்டும்.

பள்ளத்தூர்: ஆயாவுக்கு 72 வயது, சர்க்கரை 300க்கு மேல். வலது கன்னமும் மூக்கோரமும் மரத்துவிட்டது. மூக்கில் கறுப்பாகப் பொருக்கு. சளி மாத்திரை கொடுக்கலாமா?

மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் எல்லோரும் பயந்த கருப்புப் பூஞ்சையாக இருக்கலாம். அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். நரம்பும் கெடுவதால் வலி தெரியாது, "வலிக்கலையே" என்று நாளைக் கடத்துவது அதனால்தான். மூக்கை எண்டோஸ்கோப்பில் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, ஸ்கேன் எடுப்பார்கள். உறுதியானால் ஆம்போடெரிசின் மருந்து ஏற்றி, செத்த சதையை அறுத்து எடுக்க வேண்டும். சர்க்கரையையும் கூடவே இறக்க வேண்டும். கண் வீக்கம், இரட்டைப் பார்வை, மேல்பல் ஆட்டம் இருந்தால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது.

கண்டனூர்: நெற்றியில் இரண்டு நாளாக ஒரு பக்கம் எரிச்சல். இன்று மூக்கு நுனியில் கொப்புளம். அக்கி என்று காவி எழுதச் சொல்கிறார்கள்.

அக்கிதான். ஆனால் மூக்கு நுனிக்கு வரும் நரம்பும் கண்ணுக்கு வரும் நரம்பும் ஒரே கிளையில் பிரிவன. அங்கே கொப்புளம் வந்தால் கருவிழியும் பாதிக்கப்படக்கூடும். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவதே நல்லது. பெரியவர்களுக்கு வழக்கமாக அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் குறைப்பார். காவி எழுதிக் காத்திருந்தால் அந்த மூன்று நாள் வீணாகும். கண் மருத்துவரையும் இன்றே பாருங்கள்.

திருப்பத்தூர்: சிராவயல் மஞ்சுவிரட்டில் தம்பியைக் கன்னத்தில் மாடு முட்டிவிட்டது. மூக்கோரமும் மேலுதடும் மரத்திருக்கிறது.

கண்ணுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டு நரம்பு நசுங்கியிருக்கலாம். சி.டி. ஸ்கேன் எடுங்கள். அதுவரை மூக்கைச் சிந்தக் கூடாது. காற்று விரிசல் வழியாகக் கண்குழிக்குள் ஏறும். மேலே பார்க்கும்போது இரட்டையாகத் தெரிந்தாலோ வாந்தி வந்தாலோ அவசரம். நசுங்கிய நரம்பு தேற மாதங்கள் ஆகும்.

கோட்டையூர்: மசாலாவுக்கு மிளகாய் வறுத்தால் மூக்கு எரிந்து பிறகு மரத்துப்போகிறது, ஐயா.

மிளகாயின் காப்சைசின் வலி நரம்பைத் தூண்டிப் பிறகு சற்று நேரம் மந்தமாக்கும். கொதித்து ஆறிய 250 மி.லி. தண்ணீரில் அயோடின் கலக்காத உப்பு அரை டீஸ்பூன், சிட்டிகை சமையல் சோடா கலந்து மூக்கைக் கழுவுங்கள். பச்சைத் தண்ணீர் கூடாது. மூக்கடைப்புச் சொட்டு மருந்தை 5 நாளுக்கு மேல் போடாதீர்கள். அடைப்பு கூடவே செய்யும்.

புதுவயல்: கன்னத்தில் வெளுத்த தேமல், அதில் தொட்டால் தெரியவில்லை.

சாதாரணத் தேமலில் உணர்ச்சி போகாது. தொழுநோயா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள். கூட்டு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

கானாடுகாத்தான்: திடீரென்று பாதி முகம் மரத்தால்?

வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் எது சேர்ந்தாலும் 108. மூளை ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மரத்த நிலையில் தூங்கி எழுந்தவர் என்றால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.