12 சொல் திரையை எடுத்துவிடலாமா?

வணக்கம். புதுச்சேரியில் கடைக்காரர்களுக்காக பிட்காயின் வாலட் செய்கிறீர்கள். போன் தொலைந்தால் பணத்தை மீட்க உதவும் 12 சொற்களை எழுதிவைக்கச் சொல்லும் திரையிலேயே பலர் செயலியை மூடிவிடுவதால் அதை எடுத்துவிடலாம் என்கிறார் உங்கள் கூட்டாளி. எடுக்காதீர்கள், தள்ளிப்போடுங்கள். பணத்தைச் செலவிடத் தேவையான ரகசியச் சாவி முதலிலேயே பின்னணியில் உருவாகட்டும். கணக்கில் பணம் விழுந்ததும் எழுதச் சொல்லுங்கள். வெறும் பெட்டிக்கு யார் பூட்டு தேடுவார்கள்? அவர் எழுதும்வரை செயலி நச்சரிக்கட்டும், தப்பில்லை.

கடை நேரத்தில், அதுவும் ஞாயிறு காந்தி வீதிச் சந்தைக் கூட்டத்தில், யாரும் பேனா தேட மாட்டார்கள். "ராத்திரி நினைவூட்டு" என்று ஒரு பொத்தான் வையுங்கள்.

அப்புறம், சொற்பட்டியலைத் தமிழில் நீங்களே உருவாக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். இந்தச் சொற்களுக்கான பொதுத் தரமான பிஐபி 39-இன் பட்டியல்களில் தமிழ் இல்லை; நாளை உங்கள் செயலி நின்றுபோனால் வேறு வாலட்டில் மீட்பது பெரும்பாடு. ஆங்கிலப் பட்டியலின் 2048 சொற்களும் முதல் நான்கு எழுத்திலேயே வேறுபடும். நான்கு எழுத்து தட்டியதும் சொல்லை நிரப்பிவிடுங்கள். விளக்கம் மட்டும் தமிழில் இருக்கட்டும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது, சாவியை உருவாக்கும் சமவாய்ப்பு எண், அதாவது யாரும் ஊகிக்க முடியாத எண். 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டில் அது பலவீனமாக இருந்ததால் வாலட்களிலிருந்து பிட்காயின் திருடுபோனது. பணம் அனுப்பும்போது சாவியால் கையொப்பமிடும் நிரல் பகுதியையும் சொந்தமாக எழுதாதீர்கள். பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் பயன்படுத்தும் நிரல் நூலகத்தையே எடுங்கள். மிச்சமாகும் நேரத்தைத் திரைகளில் செலவிடச் சொன்னால் கூட்டாளியும் சமாதானமாகிவிடுவார்.