வீட்டில் சிக்னல் வீக். கார் எப்போதும் இணைப்பில் இருக்க என்ன வழி?

பினாங்கு பாயா தெருபோங் மலையடிவாரத்தில் வீடு, போர்ச்சில் நிறுத்தினால் செயலியில் கார் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது எனக் கேட்டிருக்கிறீர்கள். முதலில், கார் வீட்டு வைஃபையில் இணையுமா என்று பாருங்கள். டெஸ்லா இணையும், சில கார்கள் ஹாட்ஸ்பாட் கொடுக்குமே தவிர, வெளி வைஃபையை வாங்காது.

இணையும் என்றால் வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கல் சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். போர்ச் பக்க ஜன்னலோரம் ஒரு மெஷ் கருவி (வீட்டு வைஃபையை தூரம் நீட்டித் தரும் துணைக் கருவி) வையுங்கள். அப்புறம் காருக்குள் உட்கார்ந்து, கதவை மூடி, கைப்பேசியில் வைஃபை கோடுகளைப் பாருங்கள். வெளியே நின்று பார்த்தால் உண்மை நிலை தெரியாது.

பழைய காரா? மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. காரில் 4ஜி மோடம் (மொபைல் நெட்வொர்க்கில் இணைக்கும் கருவி) இருக்கிறதா என்று விசாரியுங்கள். மொபைல் சிக்னலைப் பெருக்கும் மலிவு ரிப்பீட்டர் மட்டும் வேண்டாம். அனுமதியில்லாமல் பொருத்துவது சட்டவிரோதம், அக்கம்பக்கத்து லைனும் கெடும்.