தினச் சாப்பாட்டுக்கு மலிவான இத்தாலிய ஒயின்: பழைய பாணியா, புதியதா?

இத்தாலியில் சாப்பாட்டோடு குடிக்க 10 யூரோவுக்குள் நல்ல ஒயின் எது, பழைய முறையில் செய்ததா, நவீன பாணியா என்று கேட்டிருக்கிறீர்கள். தூரினுக்கோ மிலானுக்கோ புதிதாகப் படிக்க வந்தவர் என்று நினைக்கிறேன். என் பதில் பார்பெரா த ஆஸ்டி, அதாவது வடமேற்கு இத்தாலியில் ஆஸ்டி ஊரைச் சுற்றி பார்பெரா என்ற திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின். அதிலும் ஓக் மரப் பீப்பாயில் வைக்காதது.

நான் ஆஸ்டியில் இருக்கிறேன். வேலை தொழிற்சாலையில், ஒயின் வியாபாரத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. குடியைப் பரப்புகிறான் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: குடிக்காதவரை நான் குடிக்கச் சொல்லவில்லை.

கீழ்வீட்டுப் பாட்டி குளிர்காலத்தில் பான்யா காவுடா செய்வார். பூண்டும் உப்பிட்ட நெத்திலியும் ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் கரையும். அதில் காய்களை முக்கிச் சாப்பிட வேண்டும். கூடவே கூட்டுறவு ஒயின் ஆலையில் கேனில் பிடித்து வந்த பார்பெரா. ஒருநாள் நம் ஊர்க்காரர் ஒருவர் எங்களோடு சாப்பிட வந்தார். "பரோலோ விளையும் பகுதியில் இருந்துகொண்டு இதையா குடிக்கிறீர்கள்?" என்று பாட்டி எதிரிலேயே, அவருக்குப் புரியும்படி இத்தாலியனில் கேட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. பரோலோ இந்த மாநிலத்தின் பேர்பெற்ற, விலை கூடிய சிவப்பு ஒயின். பார்பெராவில் புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. அந்த எண்ணெயையும் பூண்டையும் வாயிலிருந்து கழுவிவிட அந்தப் புளிப்புதான் வேண்டும். துவர்ப்பு மிகுந்த பரோலோ அங்கே எடுபடாது.

அதற்காகப் பழையதெல்லாம் உயர்வு என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் கொடியில் அளவு மீறிக் காய்க்கவிட்டார்கள், பல் கூசும் ஒயின்தான் நிறைய வந்தது. 1986-இல் இத்தாலியில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்றதில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024-இல் கள்ளக்குறிச்சியைப் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பார்பெராவின் மரியாதையை உயர்த்தியவர்களில் முக்கியமானவர் ஜாக்கோமோ போலோன்யா என்ற ஒயின் தயாரிப்பாளர். 1982 அறுவடையை அவர் சிறிய ஓக் பீப்பாய்களில் வைத்து 'பிரிக்கோ தெல் உச்செல்லோனே' என்ற ஒயினைச் செய்தார். பார்பெராவில் குறைவாக இருந்த துவர்ப்பை மரம் கொடுத்தது. நவீன பாணி என்பது இதுதான். ஆனால் அது விலையுயர்ந்த பாட்டிலுக்குச் சரி. 8 யூரோ ஒயினில் மரம் ஏறினால் வனிலா வாசம்தான் மிஞ்சுகிறது. மலிவு ஒயினுக்கு வேண்டிய புதுமை நன்கு பழுத்த பழம், சுத்தமான எஃகுத் தொட்டி, நொதிக்கும்போது சூட்டைக் கட்டுக்குள் வைப்பது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று, மாணவர் என்றால் வீடும் தேடுவீர்கள். தொலைபேசியில் என் பெயரைச் சொன்னதுமே "வாடகைக்குப் போய்விட்டது" என்று வைத்த உரிமையாளர்களை மறக்க முடியவில்லை. அதே வீட்டின் விளம்பரம் அடுத்த வாரமும் இருக்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளூர் நண்பர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.

சரி, கடையில் லேபிளில் 'சுப்பீரியோரே' என்று இருந்தால் அது குறைந்தது 6 மாதம் மரத்தில் இருந்தது. அந்தச் சொல் இல்லாத, சமீபத்திய அறுவடைப் பாட்டிலை எடுங்கள். கோடையில் குடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.