காற்றுக்கோடு போட்டால் ஃபாஸ்ட் ரயில் ஆகிவிடுமா?

கேள்வி: மும்பையில் டிசைன் படிப்பில் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். காட்சித் தொடர்பு அறிமுகப் பாடத்தில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர் தாதரில் சரியான லோக்கல் ரயிலில் ஏறுவது எப்படி என்பதை எழுத்தே இல்லாமல் ஒரே தாளில் காட்ட வேண்டும். நான் வரைந்ததை, "அழகாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை" என்று ஆசிரியர் திருப்பிவிட்டார். எனக்கு ஓவியக் கை கிடையாது. டிஜிட்டல் வரைபலகை வாங்கினால் தேறிவிடுவேனா? படத்தை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, செம்பூர்

பதில்: வரைபலகை இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கையில் குறை எதுவும் தெரியவில்லை. மேம்பாலப் படிக்கட்டில் முண்டியடிக்கும் கூட்டத்தை அச்சு அசலாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் புதிதாக வந்தவருக்கு அந்தக் கூட்டத்தால் என்ன பயன்? அதைத்தான் தாதரில் நேரிலேயே பார்த்துவிடுகிறாரே!

சிக்கல் ஃபாஸ்ட் ரயிலில் இருக்கிறது. அதன் பின்னால் நான்கு காற்றுக்கோடுகள் இழுத்து, வேகமாகப் போகிறது என்று காட்டியிருக்கிறீர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து மாட்டுங்காவில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர் இதைப் பார்த்தால் என்ன செய்வார்? வேகமாகப் போகிற வண்டிதான் நல்லது என்று அதிலேயே ஏறுவார். மத்திய ரயில்வேயின் ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவிலும் சயனிலும் நிற்காமல் குர்லாவுக்குப் போய்விடும். அவருக்குத் தேவை வண்டியின் வேகம் அல்ல, அது எங்கே நிற்காது என்பதுதான். ஒரு கோட்டில் நான்கு புள்ளிகள் வையுங்கள்: தாதர், மாட்டுங்கா, சயன், குர்லா. ஸ்லோ வண்டியின் கோடு ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுச் செல்லட்டும். ஃபாஸ்ட் வண்டியின் கோடு நடுவில் உள்ள இரண்டையும் தாண்டிக் குதித்து குர்லாவில் இறங்கட்டும். இதற்கு ஓவியம் தெரிய வேண்டியதில்லை.

லண்டன் சுரங்க ரயிலுக்கு 1933-இல் வெளியான புகழ்பெற்ற வரைபடத்தைப் போட்ட ஹாரி பெக்கும் ஓவியர் அல்லர். மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகியவர். பூமிக்கு அடியில் போகிறவருக்கு மேலே ஆறும் தெருவும் எப்படி வளைகின்றன என்ற கவலை இல்லை. அடுத்த நிலையம் எது, எங்கே வண்டி மாறுவது என்று தெரிந்தால் போதும். ஆகவே கோடுகளை நேராக்கினார், நிலையங்களுக்கு இடையிலான உண்மையான தூரத்தையும் விட்டுவிட்டார். முதலில் அதை நிராகரித்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இன்னொன்று. மகளிர் பெட்டிக்கு நீங்களாகவே ஓர் அழகான பெண்ணை வரைந்திருக்கிறீர்கள். ரயில் பெட்டியின் மேல் ஏற்கெனவே ஒரு பெண் உருவம் இருக்கிறது. அதையே வரையுங்கள். தாளில் பார்த்த உருவத்தைத்தான் அவர் நடைமேடையில் தேடுவார். உங்கள் கற்பனையைக் காட்ட வேறு பயிற்சிகள் வரும்.

நிறங்கள் ஆறு இருக்கின்றன, இரண்டு போதும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முதலில் துருத்திக்கொண்டு தெரிவது எதுவோ அதுதான் உங்கள் படம் சொல்லும் முதல் செய்தி. இப்போது அப்படித் தெரிவது மேம்பாலத்தின் நீலக் கூரை.

திருத்தியதும் வகுப்புத் தோழர்களிடம் காட்டாதீர்கள். அவர்களுக்குப் பயிற்சி என்னவென்று தெரியும். மாட்டுங்கா சந்தையில் ஊரிலிருந்து புதிதாக வந்தவர் யாராவது கிடைப்பார். அவரிடம் "புரிகிறதா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். "இதைப் பார்த்தால் நீங்கள் எந்த வண்டியில் ஏறுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்து திருத்த வேண்டிய இடம் அதுதான்.

ஆசிரியரிடம் கேட்க ஒரு சந்தேகமும் இருக்கிறது. நடைமேடை இன்டிகேட்டரில் ஸ்லோ, ஃபாஸ்ட் வண்டிகளுக்கு 'எஸ்', 'எஃப்' என்ற ஆங்கில எழுத்துகள் வரும். படிக்கத் தெரியாதவருக்கு அவை எழுத்துகள் அல்ல, வடிவங்கள். அவற்றை உங்கள் இரண்டு கோடுகளின் தொடக்கத்தில் வைக்க அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.