மம்மியும் ஆனைக்கோட்டை எலும்பும்: ரீச்சரிடம் கேளுங்கள்

தொல்லியல் படித்து, பிறகு பல வருடம் வரலாறு படிப்பித்தவள் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சுன்னாகத்திலிருந்து ஓர் ஆசிரியர்: ரீச்சர், வகுப்பில எகிப்து படிப்பிக்கிறன். மம்மி எண்டதும் பிள்ளையள் பேய்க்கதையில நிக்கினம். எங்க துவங்கிறது?

கருவாட்டில் துவங்குங்கள், சேர். மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைப்பதைக் காணாத பிள்ளை எங்கள் ஊரில் குறைவு. எகிப்தியர் செய்ததும் ஈரத்தை எடுக்கிற வேலைதான். வற்றிய ஏரிகளில் படிகிற நேட்ரன் என்ற உப்பில் சலவைச்சோடா, அப்பச்சோடா, கறியுப்பு எல்லாம் கலந்திருக்கும். உடலை அதற்குள் சுமார் 40 நாள் மூடி வைத்தார்கள். துணி சுற்றி முடிய மொத்தம் 70 நாள். ஈரலையும் குடலையும் எடுத்தவர்கள் இதயத்தைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டார்கள். அறிவும் நினைவும் அதில் இருப்பதாக நம்பினார்கள்.

ஒரு சின்ன மீனைக் குடல் எடுத்து, அப்பச்சோடாவும் உப்பும் சரிபாதி கலந்து புதையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மீனின் எடையை நிறுத்துப் பார்த்து, ஈரமான கலவையை மாற்றுங்கள். எடை இறங்குவதைப் பிள்ளைகளே வரைபடமாகக் கீறட்டும். பேய்ப்பயம் தன்பாட்டில் போய்விடும்.

கோப்பாயிலிருந்து ஒரு மாணவன்: துட்டன்காமன் கல்லறையைத் திறந்த ஆக்கள் சாபத்தால செத்தது உண்மையோ?

இல்லை தம்பி. எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறை 1922இல் திறக்கப்பட்டது. செலவை ஏற்ற கார்னவன் பிரபு 1923இல் இறந்தார்; நுளம்பு கடித்த இடம் சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டுக் கிருமி ஏறியதுதான் காரணம். முன்னின்று அகழ்ந்த ஹோவர்ட் காட்டர் 1939 வரை இருந்தார்.

மானிப்பாயிலிருந்து ஒரு மாணவி: எங்கட ஊரில ஏன் மம்மி இல்ல?

உடல் காயவேண்டும், இல்லாவிட்டால் உறையவேண்டும். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுத்த ஓட்சி என்ற மனிதர் சுமார் 5,300 வருடம் அப்படித்தான் கிடந்தார். எங்கள் கடற்காற்றிலும் மாரி மழையிலும் தசை நிற்காது. எலும்பு நிற்கும். புளிப்பான மண் எலும்பைக் கரைக்கும், சுண்ணாம்பு மண் காப்பாற்றும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஆனைக்கோட்டையில், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது பெருங்கற்காலப் பண்பாட்டு (இரும்புக்கால) புதைப்புகளில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அங்கே ஒரு சின்ன முத்திரையும் இருந்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி என்ற பழைய எழுத்தில் மூன்று எழுத்துகள். ‘கோவேத’ என்று வாசித்தார்கள். ‘கோ’ என்றால் தலைவன், அரசன். பெயர் பொறித்த ஒரு பொருளைச் செத்தவரோடு ஏன் வைத்தார்கள்? இந்தக் கேள்வியோடு பாடத்தைத் துவங்கினால் எகிப்து தானாக விளங்கும். வசதி கிடைத்தால் யாழ்ப்பாணம் நாவலர் வீதி நூதனசாலைக்கும் போய் வாருங்கள்.

நல்லூரிலிருந்து ஒரு மாணவன்: எலும்பைப் பாத்து வயசு சொல்லலாமோ?

உன் காறை எலும்பைத் தொட்டுப் பார். கழுத்துக்குழிப் பக்கமுள்ள அதன் நுனி முழுதாக ஒட்ட இருபதுகளின் பிற்பகுதி ஆகும். பிறக்கும்போது முந்நூறளவு துண்டாக இருப்பவை ஒட்டி ஒட்டித்தான் 206 ஆகின்றன. ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு சொல்லும், ஆனால் சின்னப்பிள்ளையின் எலும்பில் அது தெளிவாகத் தெரியாது. எனக்குப் பிடித்தது பல். சிறுவயதில் பட்ட பசியும் காய்ச்சலும் பல்லின் மேற்பூச்சில் கோடாகப் பதிந்து கடைசிவரை நிற்கும்.

கொக்குவிலிலிருந்து ஒரு தாய்: செத்தவையின்ர படத்தைப் பிள்ளையளுக்குக் காட்டுறது சரியோ ரீச்சர்?

காட்டலாம் அம்மா, ஆனால் முன்கூட்டிச் சொல்லி, பார்க்க விரும்பாத பிள்ளைக்கு வேறு வேலை கொடுத்த பிறகு. ஒருகாலத்தில் ஐரோப்பாவில் மம்மியை இடித்து மருந்துத்தூளாக விற்றார்கள். 1976இல் எகிப்திய அரசர் இரண்டாம் ராம்சேசின் உடலைச் சிகிச்சைக்காகப் பாரிசுக்குக் கொண்டுபோனபோது, அரசருக்குரிய மரியாதையோடு வரவேற்றார்கள். இரண்டையும் சொல்லி, எது சரி என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். வகுப்பில் ‘அது’ என்று சொல்ல விடாதீர்கள். ‘அவர்’ என்று சொல்லட்டும்.

அரியாலையிலிருந்து ஓர் ஆசிரியை: இந்தப் பாடம் நடக்கேக்க ஒரு பிள்ளை செம்மணிப் புதைகுழியைப் பற்றிக் கேட்டுது. நான் வாயடைச்சுப் போனன்.

எனக்கும் நெஞ்சு அடைக்கிறது, பிள்ளை. 2025இல் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. தூரிகையால் மண் நீக்குவதும், அளந்து, படமெடுத்து, இலக்கமிடுவதும் ஆனைக்கோட்டையில் செய்ததைப் போலத்தான் என்று சொல்லுங்கள். ஆனால் அங்கே கிடப்பவர்களைத் தேடித் தாய்மார் இன்னும் காத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் படங்களைப் பாடத்துக்கு எடுக்காதீர்கள். உங்கள் வகுப்பிலேயே காணாமல் போனவரின் பேரப்பிள்ளை இருக்கலாம். கேட்ட பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் கேட்டது என்று முதலில் கேளுங்கள்.